ஏற்காடு பஸ்: தாமதத்தோடு உட்காரப் பழக ஏற்ற வண்டிதானா?

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸுக்கு வேகத்தையும் வசதியையும் வைத்து மார்க் போட்டால் பாஸ் மார்க்கோடு நின்றுவிடும். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். நல்ல நாளில் ஒன்றேகால் மணி நேரம், கூட்ட நாளில் கணக்கே கிடையாது. சீட்டில் முட்டி இடிக்கும், ஜன்னல் கம்பி ஆடும், மழை வந்தால் ஷட்டரை இறக்க இரண்டு பேர் வேண்டும். இதெல்லாம் ஏறியவர் எல்லாருக்கும் தெரிந்ததே.

பயணத்தில் வரும் தடங்கலையும் தாமதத்தையும் பௌத்தப் பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கோ படித்துவிட்டு, அதை எங்கே செய்து பார்ப்பது என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வண்டி எப்படி? அந்தக் கணக்கில் சேலம் வட்டாரத்தில் இதைவிடத் தோதான இடம் இல்லை. எல்லா நாளும் அல்ல, எல்லாருக்கும் அல்ல.

ரயில் நடுக்காட்டில் நின்றால் ஏன் நின்றது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. சிக்னலா, எதிர் வண்டியா, யாராவது சங்கிலி இழுத்தார்களா? ஊகம்தான் மிஞ்சும், ஊகத்தின் மேல் கோபம் சுலபமாக ஏறி உட்காரும். ஏற்காடு பஸ்ஸில் தாமதம் முன்கண்ணாடிக்கு நேரே உருவாகிறது. எந்த வண்டி எங்கே மூக்கை நுழைத்தது, யார் பின்னுக்கு எடுக்க மறுக்கிறார், பைக்குகள் எப்படி இடைவெளியை அடைத்தன, எல்லாம் தெரியும். 'இது இருந்தால் அது இருக்கும், இது நின்றால் அது நிற்கும்' என்று புத்தர் சொன்ன சார்பு விதியை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் இடம் அபூர்வம்.

முதலில் ஏறுகிற வேலை. ஏற்காடு பஸ் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், சோதனைச் சாவடியைத் தாண்டி மலை ஏறும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. வழியில் ஏறிக்கொள்ளலாம் என்று அஸ்தம்பட்டியில் நிற்பவருக்கு சனி, ஞாயிறுகளில் படிக்கட்டுதான் கிடைக்கும். உட்கார்ந்து போக வேண்டுமென்றால் புது பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட வேண்டும். ஏற்காட்டோடு நிற்கிற வண்டியா, அதையும் தாண்டி நாகலூர், செம்மநத்தம் மாதிரி மலைக்கிராமம் போகிற வண்டியா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கிராம வண்டியில் மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் சேர்ந்துகொள்ளும். பயிற்சிக்கு அதுதான் மேல். அவசரத்துக்கு ஆகாது.

சீட் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டுகள் வளைவில் அதிகம் தூக்கிப் போடும், வாந்தி வருவது பெரும்பாலும் அங்கேதான். உள்காது 'திரும்புகிறோம்' என்கிறது, கண் முன்சீட்டின் முதுகைப் பார்த்து 'அசையவில்லை' என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். எனவே முன்பாதியில், சாலை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். தூரத்துச் சாலையில் பார்வை இருந்தால் பாதி பிரச்சினை தீரும். செல்போனில் எழுத்துப் படித்தால் மூன்றாம் வளைவிலேயே வயிறு பதில் சொல்லும். தியானம் என்றதும் கண்ணை மூடிக்கொள்வது பலருக்குப் பழக்கம். இந்த மலையில் வண்டி ஓடும்போது கண் திறந்திருப்பதே உசிதம். வண்டி நின்ற பிறகு வேண்டுமானால் மூடலாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது எந்த மாத்திரையையும்விட உதவும். பூரிக் கிழங்கு முழு செட் அடித்துவிட்டு ஏறுகிறவர்களைப் பற்றிப் புத்தரே ஒன்று சொல்லியிருக்கிறார், பிறகு வரும்.

இடம் கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது என்று நான்கு நிலையிலும் கவனம் பழகலாம் என்பது சதிபட்டானத்தின், அதாவது புத்தர் சொன்ன கவனப் பயிற்சியின், அடிப்படை. நிற்கும்போது கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முட்டியைச் சற்றே தளர்த்தி, ஒரு கை மேல்கம்பியிலும் ஒரு கை சீட்டின் பிடியிலும் இருக்க வேண்டும். முட்டியை விறைத்து நின்றால் வளைவில் உடம்பு முழுவதும் ஒரே கட்டையாகச் சாயும். உள்ளங்காலில் எடை இடமிருந்து வலம் மாறுவதைக் கவனித்தாலே போதும், அடிவாரத்திலிருந்து மேலே போகும்வரை வேலை இருக்கிறது.

இனி முக்கியமான இடம், வளைவில் விழும் முடிச்சு.

பஸ் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாகக் குறுக்கிக்கொண்டு வரும். அதனால் டிரைவர் வளைவின் வெளிவிளிம்பு வரை மூக்கைக் கொண்டுபோய்த்தான் ஒடிக்க முடியும். மேலிருந்து இறங்கும் கார்காரர், பாதை காலியாக இருக்கிறதே என்று வளைவுக்குள் இறங்கிவிடுகிறார். அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு கார். பஸ்ஸுக்குப் பின்னால் நான்கு பைக், ஒரு வேன். அகலம் போதாத மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். விதியும் அதுதான், நியாயமும் அதுதான். ஏற்றத்தில் ஆளோடு நின்ற வண்டியை மறுபடி கிளப்ப கிளட்ச் கருகும், ஒரு நொடி தவறினால் பின்னால் உருளும். கார்காரருக்கு இந்த விதி தெரியாது. தெரிந்தாலும் அவருக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

கண்டக்டர் விசிலோடு இறங்குகிறார். "வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்!" கடைசிக் கார் முதலில் பின்னால் போக வேண்டும், அப்புறம் நடுக்கார், அப்புறம்தான் முதல் கார். இதற்குள் ஒரு பைக் அந்த இடைவெளியில் புகுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஐந்து நிமிடத்திலும் அவிழலாம், அரை மணியும் ஆகலாம்.

இந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நடக்கிறது? ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துன்பம் உருவாகும் இந்தச் சார்புகளை மணிமேகலைக் காப்பியம் பன்னிரண்டாக அடுக்கும்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். நடுவில் இருக்கும் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்ற நான்கும்தான் வளைவில் நின்ற பஸ்ஸில் கைக்கு எட்டும். ஹாரன் காதில் படுகிறது, அது ஊறு. பிடிக்கவில்லை, அது நுகர்வு. 'இப்பவே கிளம்பணும்' என்று எழுவது வேட்கை. 'பதினொன்றுக்கு அங்கே இருப்பேன் என்று போட்ட கணக்கு என்னுடையது, அதை யாரும் கெடுக்கக் கூடாது' என்று மனம் பிடித்துக்கொள்வது பற்று. ஹாரன் சத்தத்தை நிறுத்த நம்மால் ஆகாது. பிடிக்காத உணர்ச்சியும் வந்தே தீரும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் மட்டும் ஒரு சந்து உண்டு. பயிற்சி அந்தச் சந்தில்தான்.

செய்முறை இப்படி. என்ஜின் சத்தம் தணிந்ததும் கைக்கடிகாரத்தையும் போனையும் பார்க்காமல் இருக்க வேண்டும். கணக்குப் போட ஆரம்பிக்கும் நொடியில்தான் வேட்கை உள்ளே வருகிறது. காதில் விழுவதைச் சத்தமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: ஹாரன், விசில், யாரோ இருமுவது. பிறகு உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பார்க்க வேண்டும். தாடை, தோள், வயிறு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த இறுக்கத்தைத் தளர்த்த முயல வேண்டாம், இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கவனம் நழுவினால் மூச்சை எண்ணலாம். விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்தப் பயிற்சி நூல் சொல்லும் அளவு ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல். ஐந்துக்குள் நிறுத்தினால் மனம் நெருக்கமான இடத்தில் அடைபட்டதாகத் தவிக்கும், பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும்.

எங்கே தவறுகிறது என்றால், பலர் கவனிப்பதற்குப் பதிலாக வர்ணனை செய்கிறார்கள். 'கோபம் வருகிறது, நான் கோபத்தைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டேன்' என்று உள்ளுக்குள் ஒரு ரேடியோ. இன்னொரு வகை, சத்தத்தை அமுக்குவதற்காக மந்திரம் சொல்வது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் மந்திரமும் வேட்கைதான், வேறு சட்டை போட்டிருக்கிறது. மூன்றாவது வகை, தியானத்துக்கு இடையூறாகப் பௌத்தம் அடுக்கும் ஐந்து தடைகளில் நான்காவதாகச் சொல்லப்படும் பரபரப்பும் உறுத்தலும்: 'முந்தின வண்டியிலேயே தொங்கிக்கொண்டு போயிருக்கலாம்.' இது வந்தால் சாலையைப் பார்த்துக் காரணத்தைத் தேடுவதே மருந்து. முந்தின வண்டி இரண்டு வளைவுக்கு மேலே இதே முடிச்சில் நிற்பது பல நேரம் கண்ணுக்கே தெரியும்.

புத்தர் உரைகளின் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் சல்லத்த சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. சுத்தம் என்றால் பாலியில் உரை. பழகாதவனுக்குத் துன்பம் வந்தால் இரண்டு அம்பு தைத்தது போல: உடம்பில் ஒன்று, அதைப் பற்றி அழுது புலம்புவதால் மனத்தில் ஒன்று. பழகியவனுக்கு முதல் அம்பு மட்டும்தான். இது வரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். அதே சுத்தத்தில் அடுத்து வரும் வரி அதிகம் பேசப்படுவதில்லை. துன்பம் தொட்டதும் பழகாதவன் புலன் இன்பத்தை நோக்கி ஓடுகிறான், ஏனென்றால் அவனுக்கு வேறு வெளியேறும் வழி தெரியாது. முடிச்சு விழுந்த அரை நிமிடத்துக்குள் பஸ் முழுவதும் ரீல்ஸ் ஓட ஆரம்பிப்பதைப் பார்த்தால் இந்த வரி எவ்வளவு துல்லியம் என்று புரியும். வளைவுகளில் டவர் போய்ப் போய் வரும். அதில் வரும் எரிச்சல் மூன்றாவது அம்பு, சுத்தத்தில் இல்லாதது.

யாராவது ஒருவர், பெரும்பாலும் ஜன்னலோரப் பெரியவர், "எல்லாம் நம்ம கர்மாங்க" என்பார். பௌத்தத்தின் பெயரால் இதற்குத் தலையாட்டுகிறவர்கள் நிறைய. புத்தர் தலையாட்டவில்லை. அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தான் என்பது சரியா என்று மோளியசீவகர் என்ற நாடோடித் துறவி கேட்டபோது, சரியில்லை என்று எட்டுக் காரணங்களைப் பிரித்துச் சொன்னார்: பித்தம், சிலேட்டுமம், வாதம், இவை மூன்றும் கூடியது, பருவ மாற்றம், தாறுமாறான நடத்தை, வெளித்தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. முழு செட் பூரி தாறுமாறான நடத்தையில் சேரும். பனிமூட்டம் பருவத்தில் சேரும். குறுக்கே நுழைந்த கார் வெளித்தாக்குதல் என்றே வைத்துக்கொள்ளலாம். தாமதத்துக்குப் பௌத்த அர்த்தம் தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பிரித்தல்தான். 'நல்லதுக்குத்தான் நடந்திருக்கும்', 'இதில் பிரபஞ்சம் ஏதோ சொல்ல வருகிறது' போன்ற ஆறுதல்களுக்கு இதில் இடமில்லை. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒரு கார்காரர் மூலமாகப் பிரபஞ்சம் எதையும் சொல்ல வரவில்லை.

அந்தக் கார்காரர் மேல் மைத்திரி, அதாவது நல்லெண்ணம், பரப்பலாமா? பரப்பலாம், ஆனால் அவரிடமிருந்து தொடங்கக் கூடாது. விசுத்திமக்கத்தின் வரிசை: முதலில் தனக்கு, பிறகு மதிப்பும் அன்பும் உள்ளவருக்கு, பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவருக்கு, கடைசியாகத்தான் பகையாகத் தோன்றுகிறவருக்கு. வரிசையைத் தாண்டினால் பகைவர் முகத்தை நினைத்ததும் கோபம்தான் பெருகும். பஸ்ஸில் மூன்றாவது ஆளுக்குப் பஞ்சமில்லை. தோளில் தூங்கி விழும் பக்கத்து சீட்காரர் அதற்கென்றே அமைந்தவர். அவரிடம் நல்லெண்ணம் நிலைத்த பிறகு சாலையில் நிற்கும் வெள்ளைக் காரைப் பார்க்கலாம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை நடுங்குவது அப்போதுதான் கண்ணில் படும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் விமர்சனம் நேர்மையாக இருக்காது. சுற்றுலா வந்தவருக்கு அரை மணி நேரத் தாமதம் மலிவான பயிற்சி. அதே பஸ்ஸில் மேலே இருந்து இறங்குகிற மலைக்கிராமத்துக்காரர் சேலம் பெரியாஸ்பத்திரியில் டோக்கன் வாங்கப் போகிறவராக இருக்கலாம், தினக்கூலிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவராக இருக்கலாம். அவர் பதறினால் அவருக்கு இரண்டாவது அம்பைப் பற்றிப் பாடம் எடுப்பது அநாகரிகம். எழுந்து சீட் கொடுப்பது, மூட்டையை ஒரு கை பிடித்துத் தூக்குவது, போனில் பேச டவர் கிடைக்காதவருக்கு நம் போனைக் கொடுப்பது, இவைதான் அந்த நேரத்துப் பௌத்தம். கருணை என்பதை மனத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் வசதியானது.

இறங்குவது தனிக்கதை. ஏறும்போது பொறுமையாக இருந்தவர்கள் இறங்கும்போது டிரைவரை விரட்டுவார்கள்: "பள்ளம்தானே அண்ணே, கொஞ்சம் விடுங்க." விடக் கூடாது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது முதலில் கியர், அப்புறம்தான் பிரேக். தாழ்ந்த கியரில் என்ஜினே வேகத்தைக் கட்டும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறிப் பிடிமானம் குறையும், ஏர் பிரேக் வண்டியில் அடிக்கடி மிதித்தால் டேங்கில் காற்றழுத்தமும் இறங்கும். அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் பஸ்ஸர் கத்தும். கருகிய வாடை வந்தால் டிரைவர் அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஆற விடுவார். இந்த நிறுத்தம் தாமதக் கணக்கில் வராது. அதைக் குறை சொல்லி எழுதும் விமர்சனங்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஏறும்போது நடக்கும் நிறுத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே ரேடியேட்டர் பிரச்சினை. மெதுவாக, சுமையோடு, காற்றோட்டம் இல்லாமல் போவதால் தண்ணீர் கொதித்துவிடும். சூட்டோடு மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், ஆகவே ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர யாருக்கும் வேறு வழியில்லை. நல்ல பயிற்சி நேரம், கீழே இறங்கி நிற்கலாம். மலைப்பக்கச் சரிவுக்கு அடியில் மட்டும் நிற்க வேண்டாம்.

காரணம் மழை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கடினப் பாறை. அதன் மேல் மக்கிய மண் போர்வை. சாலை போட மலைச்சரிவின் அடியை வெட்டியிருக்கிறார்கள். மண் நீரைக் குடித்துக் கனத்ததும், பிடிமானம் இழந்து பாறையோடும் மரத்தோடும் கீழே வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சாலையின் குறுக்கே செம்மண் கலங்கல் ஓடுவதும், அதோடு சிறு கற்கள் உருண்டு வருவதும் முதல் அறிகுறிகள். ராத்திரி முழுக்கக் கொட்டிய மழைக்கு மறுநாள் காலையில் ஏறுவதற்கு முன், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடமோ மேலே இருந்து வந்த வண்டியின் கண்டக்டரிடமோ பாதை எப்படி என்று கேட்டுவிட வேண்டும். செல்போன் மேப் பச்சைக் கோடு காட்டுவதை நம்பி ஏறுவது வேண்டாம்.

இந்த இடத்தில் பௌத்தம் பொறுமையாகப் போய்க்கொண்டே இரு என்று சொல்லவில்லை, போகாதே என்கிறது. மழைக்காலத்திலும் பிக்குகள் ஊர் ஊராக நடந்து பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறைசொன்ன பிறகே மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்கும் மழைக்கால உறைவு விதியாக வந்தது. அதற்குள்ளும் நெகிழ்வு உண்டு. பெற்றோருக்கு நோய் போன்ற அனுமதிக்கப்பட்ட காரணத்துக்கு ஏழு நாளுக்குள் போய்த் திரும்பலாம். பயணத்தை ரத்து செய்வது தோல்வி, எப்படியாவது போய்ச் சேருவதுதான் மன உறுதி என்று நினைப்பவர்கள் இந்த விதியைக் கவனிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் டிக்கெட் எடுக்காமல் வீட்டிலேயே உட்காருவதும் இதே பயிற்சியின் ஒரு பகுதி.

கோடை வேறு மாதிரி. மே மாதம் கோடை விழாவும் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம்: அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். குப்பனூர்ப் பாதை அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுவந்து விடும், நகரத்துக்கு இன்னும் தூரம் மிச்சமிருக்கும். ஒருவழி என்பதால் வளைவு முடிச்சுகள் குறையும், ஆனால் ஏரிக்கரை ரவுண்டானாவில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். புதிதாகப் பழகுபவருக்கு இந்த நாட்களைப் பரிந்துரைக்க மாட்டேன். வார நாளில் காலை வண்டி, சாதாரணக் கூட்டம், இதுதான் ஆரம்பத்துக்கு ஏற்றது. கஷ்டமான பாடத்தில் தொடங்கினால் அடுத்த முறை வாடகைக் காருக்குத்தான் போன் செய்யத் தோன்றும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பௌத்தம் சம்பந்தப்பட்ட ஏதாவது பார்க்கலாமா என்று கேட்பவர்கள் பகோடா பாயிண்ட்டுக்குப் போகிறார்கள். அங்கே விகாரை எதுவும் கிடையாது. கோபுரம் போல அடுக்கிய கற்குவியல்களால் வந்த பெயர் அது. காட்சி நன்றாக இருக்கும், அவ்வளவுதான். உண்மையான பௌத்தத் தடம் கீழேதான் இருக்கிறது. சேலம் நகருக்குள் பெரியேரி, கோட்டை ரோட்டில் தலைவெட்டி முனியப்பன் என்று நெடுங்காலம் வழிபடப்பட்ட கற்சிலையைத் தொல்லியல் துறை ஆய்வு செய்தது. தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது மடல் எல்லாவற்றையும் பதிவு செய்து, அறுபட்ட தலை சிமெண்ட்டும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டப்பட்டிருப்பதையும் குறிப்பிட்டது. அதை ஏற்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது புத்தர் சிலையே என்றது. பஸ் தவறி இரண்டு மணி நேரம் கையில் இருந்தால் இங்கே போய் வரலாம். ஒரு நாள் முழுதும் இருந்தால் ஆத்தூர் தாண்டி தலைவாசல் பக்கம் தியாகனூர். அங்கே உட்கார்ந்த நிலையில் இரண்டு பெரிய புத்தர் கற்சிலைகள் இருக்கின்றன, ஒன்றுக்குத் தியான மண்டபமும் கட்டியிருக்கிறார்கள். தலைவாசலில் இறங்கி உள்ளே போக வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்கும் தயாராகப் போக வேண்டும்.

சேவையில் உள்ள குறைகளுக்கு வருவோம். விடுமுறை நாளில் வண்டி எண்ணிக்கை போதவில்லை. எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று பயணிக்குத் தெளிவாகத் தெரிவதில்லை, கண்டக்டர் குரல்தான் அறிவிப்புப் பலகை. வயதானவர்களுக்கு முதல் படி மிக உயரம். வாந்தி எடுக்கிறவருக்கு ஒரு பாலித்தீன் பை வைத்திருக்கும் வழக்கம் எல்லா வண்டியிலும் இல்லை, கையோடு காகிதப் பை கொண்டுபோவது நல்லது. சில்லறையும் அப்படித்தான். பெரிய நோட்டை நீட்டினால் மீதி டிக்கெட்டின் முதுகில் எழுதப்படும், இறங்கும் அவசரத்தில் மறந்துபோகும்.

பொறையே உயர்ந்த தவம் என்கிறது புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதத்தின் 184ஆம் பாடல். அதைச் சாக்காக வைத்துக் குறையை எழுதாமல் விடுவது பொறை ஆகாது. அமைதியாக உட்கார்ந்திருந்தவர்தான் நல்ல புகார் எழுத முடியும். வண்டியின் பதிவு எண், தடம், புறப்பட்ட இடமும் நேரமும், நின்ற இடத்தின் வளைவு எண், எவ்வளவு நேரம், டிக்கெட்டின் படம், இவை இருந்தால் பணிமனையில் உள்ளவர் எந்த வண்டி, எந்த ட்ரிப் என்று கண்டுபிடிக்க முடியும். 'டிரைவர் சரியில்லை, சர்வீஸ் மோசம்' என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. நடந்தது, நேரம், இடம் என்று மட்டும் எழுத வேண்டும். கோபத்தில் சேர்த்த வரிகளை அனுப்புவதற்கு முன் அழித்துவிடலாம்.

கடைசி வண்டியைப் பிடித்து இறங்கி அதே ராத்திரி ஜங்ஷனில் ரயில் ஏறுகிற திட்டம் மட்டும் வேண்டாம். ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். மலை இறங்க ஒன்றரை மணி, வளைவு முடிச்சுக்கு அரை மணி, பிரேக் ஆறக் கால் மணி, நகர நெரிசலுக்கு முக்கால் மணி. மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு, கடைசிக்கு முந்தின வண்டியில் ஏறுங்கள்.